பதினொரு சாமான் சமையலறை

சாப்பாட்டு மேசை முழுக்கச் சமையல் சாமான்கள் பரப்பிக் கிடந்தன. தம்பி ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தான். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எண்பத்தி மூணு," என்றான் தம்பி.

"கண்ணு வைக்காதீங்க," என்றாள் அவன் மனைவி. தபால் நிலையத்தில் அவளுக்குக் காலை வேலை. ஒரு செருப்பை மாட்டிவிட்டு இன்னொன்றைக் காலால் தேடிக்கொண்டிருந்தாள்.

"மூணு பேர் சாப்பிடுற வீட்டுல எண்பத்தி மூணு சாமான். எங்க ஃபேக்டரியில முப்பது சாமானை வெச்சு ஒரு இன்ஜினையே பிரிச்சு மாட்டிடுவோம்."

"அந்த இன்ஜினை யாராவது சாப்பிட்டாங்களா?"

"இதப் பாரு. இது என்ன?"

"பூண்டு நசுக்குறது."

"வேற என்ன செய்யும்?"

"பூண்டு நசுக்கும்."

"அவ்வளவுதானே? ஒரு சாமான்னா ரெண்டு வேலையாவது செய்யணும். ஒரே வேலை செய்யுறது சாமான் இல்ல, விருந்தாளி." பூண்டு நசுக்கியை அட்டைப்பெட்டிக்குள் போட்டான்.

"அண்ணி, நீங்களாவது சொல்லக் கூடாதா? சாயங்காலம் நான் வரும்போது இந்த வீட்டுல நானாவது மிச்சம் இருப்பேனா?"

"நீ பயப்படாதே. சம்பாதிக்கவும் செய்யுற, சண்டையும் போடுற. ரெண்டு வேலை ஆச்சு," என்றாள் அக்கா.

தம்பி ஒரு தொழிற்சாலையின் கருவிக் கிடங்கில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவன். கிடங்குக்கு ஒரு சின்ன ஜன்னல் உண்டு. வேலையாட்கள் அதன் வழியாகக் கையை நீட்டுவார்கள், இவன் கருவியை எடுத்துக் கொடுப்பான். பெயர் சொல்லிக் கேட்கிற வழக்கமெல்லாம் போகப் போக நின்றுவிட்டது. வருகிறவனின் முகத்தையும் சட்டையில் ஒட்டிய மசகையும் பார்த்தே எந்தத் திருப்புளி, எந்த ஸ்பேனர் என்று தெரிந்துவிடும். ‘ஜன்னல்’ என்றுதான் எல்லோரும் அவனைக் கூப்பிட்டார்கள். போன வருஷம் ஓய்வு பெற்றான். அன்றிலிருந்து கைக்கு வேலையில்லாமல் வீட்டுக்குள் வளைய வந்துகொண்டிருந்தவனுக்கு இப்போதுதான் ஒரு வேலை கிடைத்திருந்தது.

அந்த வேலை அக்காதான்.

அக்கா தையற்காரி. நாலு தெரு தள்ளி, கீழே கடையும் மேலே இரண்டு அறையுமாக இருபது வருஷம் தனியாக இருந்தவள். நாலு மாதத்துக்கு முன்னால், ஒரு கோட்டுக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது கத்தரிக்கோல் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் பார்த்தாள், கை போகவில்லை. பக்கவாதம் என்றார்கள். பேச்சு ஒரு வாரத்தில் திரும்பியது. காலும் மெல்ல மெல்லத் தேறியது. வலது கை மட்டும், கூப்பிட்டால் வராத பூனை மாதிரி மடியில் சுருண்டு கிடந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளுடைய மகள் வேறு நகரத்தில் இருக்கிறாள். தினமும் போனில் பேசுவாள்.

"மாசக் கடைசியில வீட்டு ஒப்பந்தம் முடியுதும்மா. புதுப்பிக்கணுமா வேண்டாமான்னு வீட்டுக்காரர் கேக்குறாரு."

"புதுப்பி."

"நீ தனியா இருக்கலாம்னு ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்தா புதுப்பிக்கிறேன். அவங்க வந்து பார்க்கும்போது, ஒரு வேளைச் சாப்பாடு நீயே முழுசா செஞ்சு காட்டணும். முடியலைன்னா இங்க வந்துடு. ஒன்பதாவது மாடி, பால்கனி இருக்கு, நல்ல காத்து."

"அங்க வந்து நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா இரும்மா."

அந்தச் ‘சும்மா இரு’தான் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. மகள் அன்பாகத்தான் சொன்னாள், அது அவளுக்கும் தெரியும். ஆனால் பன்னிரண்டு வயதிலிருந்து சும்மா இருந்து பழக்கமில்லாதவளைப் பால்கனியில் காற்று வாங்க உட்கார வைப்பதா? போனை வைத்ததும் தம்பியிடம் சொன்னாள்: "ஒரு கையால சமைக்கணும்டா. அவங்க வந்து பார்க்க மூணு வாரம் இருக்கு."

அவ்வளவுதான். மறுநாள் காலையில் சாமான் எல்லாம் மேசைக்கு வந்துவிட்டன.

எண்பத்து மூன்று பதினொன்றானது. அகலமான ஒரு கத்தி, ஒரு கத்தரிக்கோல், நீளக் கைப்பிடி வைத்த அடிகனமான ஒரு பாத்திரம் என்று தம்பி பொறுக்கி எடுத்தான். காய்கறியைக் கழுவ, வேகவைக்க, வடிகட்ட எல்லாவற்றுக்கும் ஒரே கம்பிக்கூடை. கொதிக்கிற பாத்திரத்தை ஒரு கையால் கவிழ்க்க வேண்டியதில்லை, கூடையைத் தூக்கினால் போதும், தண்ணீர் பாத்திரத்திலேயே நின்றுவிடும். அளப்பதற்கும் குடிப்பதற்கும் மாவு அள்ளுவதற்கும் ஒரே குவளை. எடுக்க, திருப்ப, பிழிய ஓர் இடுக்கி. இந்த இடுக்கியைப் பற்றி அவன் பேச ஆரம்பித்தால் மனைவி வாசலுக்குப் போய்விடுவாள்.

காய் நறுக்கும் பலகையின் அடிப்பக்கமிருந்து துருப்பிடிக்காத இரண்டு ஆணிகளை அடித்து, கூர்முனை மேலே நிற்கும்படி செய்தான். வெங்காயத்தை அதில் குத்தி நிறுத்தினால் பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டாம். கிளறும்போது பாத்திரம் சுற்றாமல் இருக்க, அடுப்போரமாக ஒரு கம்பியை வளைத்து மாட்டினான். ஜாடியை இழுப்பறைக்குள் வைத்து, இடுப்பால் இழுப்பறையைத் தள்ளி நெருக்கிக்கொண்டு மூடியைத் திறப்பது அக்காவே கண்டுபிடித்த வித்தை.

கடைசியாக, சுவரில் ஒரு மரப்பலகை அடித்து, பதினொரு சாமானையும் கொக்கியில் தொங்கவிட்டு, ஒவ்வொன்றின் வடிவத்தையும் வெள்ளைப் பெயின்ட்டால் பின்னால் வரைந்தான்.

"இது எதுக்கு?" என்றாள் மனைவி.

"எது இடத்துல இல்லைன்னு தூரத்துல இருந்தே தெரியும்."

"கொலை நடந்த இடத்துல போலீஸ்காரங்க இப்படித்தான் வரைவாங்க. கரண்டி செத்துப்போன மாதிரி இருக்கு."

"உனக்கு ஒழுங்குன்னாலே ஆகாது."

"என் பூண்டு நசுக்கி எங்க?"

"கட்டிலுக்கு அடியில."

"சரி, ராத்திரி தூக்கம் வரலைன்னா நசுக்கிக்கிறேன்."

பயிற்சி நடந்தது. காய்கறி சூப், வேகவைத்த முட்டை, ரொட்டி, தேநீர். இவ்வளவுதான் பரீட்சைக்கான சாப்பாடு. முதல் நாள் இரண்டு மணி நேரமானது. அக்கா ஒரு கேரட்டோடு மல்லுக்கட்டி, கேரட்தான் ஜெயித்தது. இரண்டாவது வாரம் ஒரு மணி நேரம். மூன்றாவது வாரக் கடைசியில் நாற்பது நிமிஷம். அக்கா அடுப்பின் முன் நிற்பாள், தம்பி சுவர்ப் பலகையோரமாக நிற்பான். யாரும் அதிகம் பேச மாட்டார்கள். இரண்டு பேர் நடனமாடுகிற மாதிரி இருக்கிறது என்று தம்பி மனைவியே ஒருநாள் வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"கண்ணு வைக்காதே," என்றான் தம்பி, மூன்று வாரம் காத்திருந்து.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து பயிற்சியாளர் வந்தாள். முப்பது வயதிருக்கும். சைக்கிளில் வந்ததால் முகம் சிவந்திருந்தது. ஒரு நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சமையலறை மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள்.

"நான் ஒரு நாற்காலின்னு நினைச்சுக்குங்கம்மா. எங்கிட்ட பேச வேண்டாம். நீங்க பாட்டுக்கு செய்ங்க."

அக்கா ஆரம்பித்தாள். வெங்காயம் ஆணியில் ஏறியது. கத்தி இறங்கியது. கேரட் துண்டானது. கூடை தண்ணீருக்குள் போனது. எல்லாம் வழுக்கிக்கொண்டு போவதுபோல நடந்தது. அக்காவுக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம். புது வாடிக்கையாளர் முன்னால் ஒரே வெட்டில் துணியைக் கிழிக்கிற பெருமை.

பத்து நிமிஷம் கழித்துப் பயிற்சியாளர் எழுந்தாள்.

"ஐயா, நீங்க கொஞ்சம் முன்னறையில உட்காருறீங்களா?"

"நானா? நான் ஒண்ணும் செய்யலயே. சும்மாதானே நிக்கிறேன்."

"பதினாலு தடவை எடுத்துக் குடுத்தீங்க."

"என்னத்தைக் குடுத்தேன்?"

"கத்தி, கூடை, குவளை, துணி, மறுபடியும் கத்தி..." நோட்டைத் திருப்பிக் காட்டினாள். பக்கத்தில் கோடு கோடாகப் போட்டிருந்தது.

தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா தம்பியைப் பார்த்தாள். இரண்டு பேர் முகத்திலும் ஒரே ஆச்சரியம். கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடினவர்கள் மாதிரி நின்றார்கள்.

"அவன் எங்கம்மா குடுத்தான்? நான்தானே..." என்று தொடங்கிய அக்கா அப்படியே நிறுத்தினாள்.

தம்பி முன்னறைக்குப் போய் உட்கார்ந்தான்.

அக்கா அடுப்புப் பக்கம் திரும்பினாள். உருளைக்கிழங்கு தோலைத் துருவியில் தேய்த்து எடுக்க வேண்டும். இடது கையைத் தம்பி நின்றிருந்த பக்கமாக நீட்டினாள். விரல்கள் விரிந்தபடி கை காற்றில் நின்றது. ஒன்றும் வரவில்லை. தன் கையையே பார்த்தாள். மூன்று வாரமாக இந்தக் கையை இப்படித்தான் நீட்டியிருக்கிறாளா?

பலகையைத் திரும்பிப் பார்த்தாள். பதினொரு வெள்ளை உருவம். துருவி மேலேயா, கீழேயா? வரிசை அவளுக்குத் தெரியவே தெரியாது. பலகை இருந்தது தம்பியின் கைக்குத் தோதாக, அடுப்புக்கு வலது பக்கம், தம்பியின் உயரத்துக்கு. இடது கையை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுபோய் எட்டி எடுத்தாள். துருவியைத் தூக்கினால் கொக்கியோடு சேர்ந்து ஆடியது. கொக்கியைப் பிடித்துக்கொள்ள ஒரு கை, சாமானைக் கழற்ற ஒரு கை வேண்டும். துருவி விழுந்தது. விழும்போது கரண்டியையும் கூட்டிக்கொண்டு போனது. குனிந்து எடுப்பதற்குள் அடுப்பில் தண்ணீர் பொங்கி வழிந்து தீ அணைந்தது.

முன்னறையில் நாற்காலி கிறீச்சிட்டது.

"உட்காருங்க ஐயா," என்றாள் பயிற்சியாளர், திரும்பாமலே.

அரை மணி நேரம் கழித்து, தோல் பாதி நீங்கிய ஓர் உருளைக்கிழங்கோடு அக்கா நின்றாள். பயிற்சியாளர் அடுப்பை அணைத்தாள்.

"இன்னைக்கு நான் எழுதலம்மா."

"எழுதலைன்னா?"

"முடியும்னும் எழுதல, முடியாதுன்னும் எழுதல. மாசக் கடைசிக்கு ரெண்டு நாள் முன்னாடி வரேன். இங்க வேண்டாம். உங்க வீட்டு அடுப்புல செஞ்சு காட்டுங்க. அதுதான் கடைசி, அதுக்கப்புறம் எனக்கே தேதி கிடையாது."

கதவு சாத்தியதும் அக்கா தம்பியின் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏன்டா இப்படிச் செஞ்ச?"

"நான் வேணும்னா செஞ்சேன்? கை நீட்டினா குடுக்கிறது என் கைக்குப் பழகிப்போச்சு. இருபத்தெட்டு வருஷம். எனக்கே தெரியலக்கா."

"எனக்குந்தான் தெரியல. அதுதான் எரிச்சலா இருக்கு. நாப்பது நிமிஷம், நாப்பது நிமிஷம்னு பீத்திக்கிட்டேன். அதுல முப்பது உன்னோடது."

"இப்ப என்ன சொல்ற? நான் உதவி செஞ்சது தப்பா?"

"தப்புன்னு சொல்லல. நீ பதினொரு சாமான்னு எண்ணுன பாரு, அது தப்பு. பன்னெண்டு. நீயும் அந்தப் பலகையில தொங்கிட்டு இருந்த."

 தம்பிக்கு வலித்தது என்று அக்காவுக்குத் தெரிந்தது. ஆனாலும் சமாதானம் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கும் வந்து பலகையோரம் நிற்பான்.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த தம்பி மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சமையலறைக்குள் போனாள். உடனே வெளியே வந்தாள்.

"அண்ணி, நாளையில இருந்து எனக்கு மத்தியான வேலைதான். காலையில உங்களை உங்க வீட்டுல கொண்டு விடுறேன். இவர் வர வேண்டாம்."

"நான் வாசல்ல உட்கார்ந்துக்கிறேன்," என்றான் தம்பி.

"வாசல் வேண்டாம். சத்தம் கேக்கும்."

"மாடிப்படியில?"

"நீங்க அடுத்த தெருவுல இருந்தாலும் கரண்டி விழுந்தா ஓடி வருவீங்க. வீட்டுலயே இருங்க. எனக்குப் பூண்டு உரிச்சு வைங்க, கையால."

நாலு மாதம் பூட்டிக் கிடந்த வீட்டில் தூசி வாடை அடித்தது. ஆணிப் பலகையோடு பதினொரு சாமானும் ஒரு பையில் வந்திருந்தன. தம்பி மனைவி ஜன்னலைத் திறந்துவிட்டு, "பதினொண்ணரைக்கு வரேன்," என்று சொல்லிக் கிளம்பினாள். ஒன்றையும் பையிலிருந்து எடுத்து வைக்கவில்லை. அதற்காக அக்கா அவளை மனசுக்குள் வாழ்த்தினாள்.

சமையலறை சின்னது. மேடை இரண்டு முழம். அக்கா நடுவில் நின்று யோசித்தாள். சுவரில் கொக்கி ஆகாது. இழுப்பறைக்குள் போட்டால் ஒவ்வொரு தடவையும் திறந்து மூட வேண்டும். கடையில் அவள் துணி வெட்டும் மேசை எப்படி இருக்கும்? சுண்ணக்கட்டி, அளவு நாடா, கத்தரிக்கோல், குண்டூசி எல்லாம் எந்தப் பக்கம் கை போகுமோ அந்தப் பக்கம், எது முதலில் வேண்டுமோ அது முதலில், படுக்கையாகக் கிடக்கும். கண் துணியில் இருக்கும், கை தானாகப் போய் எடுக்கும்.

ஈரத்துண்டு ஒன்றை மேடையின் இடது பக்கம் விரித்தாள். அது சாமானை நழுவ விடாது. அதன்மேல் கூடை, கத்தி, கத்தரிக்கோல், மரக்கரண்டி என்று பரப்பினாள். செய்து பார்த்தாள். கரண்டி கத்திக்கு முன்னால் வந்தது. மறுபடி பரப்பினாள். தம்பியின் இடுக்கியை முதல் நாளே பைக்குள் திருப்பிப் போட்டாள். அதை அழுத்தி அழுத்தி இடது கை சோர்ந்துபோகிறது. துருவியும் போனது. பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் அது மேடை முழுக்க ஓடியது. கத்தரிக்கோல் வலது கைக்காரர்களுக்குச் செய்தது, இடது கையில் வெட்டாமல் கீரையை மென்று துப்பியது. நாற்பது வருஷம் கத்தரிக்கோல் பிடித்தவளுக்கு அது ஏன் என்று தெரியும். இரண்டு அலகும் விலகுகின்றன. கட்டைவிரலை வெளியே தள்ளாமல் உள்ளே இழுத்தபடி அழுத்திப் பார்த்தாள். வெட்டியது.

உருளைக்கிழங்கின் தோலை ஒரே முடிவாக விட்டுவிட்டாள். நன்றாகத் தேய்த்துக் கழுவித் தோலோடு போட்டால் என்ன கெட்டுவிடும்?

மிஞ்சியது முட்டை. வெந்த முட்டையை உடைத்து உரிக்கும்போது உருண்டு ஓடியது. இரண்டு நாள் துரத்தினாள். மூன்றாம் நாள் தம்பி மனைவியிடம் கேட்டாள்.

"உங்க வீட்டுல முட்டை நிக்கிற கிண்ணம் ஒண்ணு இருந்துச்சே, சின்னதா, கோப்பை மாதிரி?"

"கட்டிலுக்கு அடியில இருக்கு அண்ணி. ஒரே வேலை செய்யுதுன்னு தூக்கிப் போட்டுட்டாரு."

"அதைக் கொண்டு வா. அந்த ஒரு வேலைதான் எனக்கு ஆகல. பிடிச்சுக்கிட்டு நிக்கிறது."

கிண்ணம் வந்தது. முட்டை நின்றது. தலையில் கரண்டியால் தட்டி, குடைந்தே சாப்பிட்டுவிடலாம், உரிக்கவே வேண்டாம்.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்பு பயிற்சியாளர் வந்தாள். முக்காலி இல்லை, ஜன்னல் விளிம்பில் சாய்ந்துகொண்டாள். தம்பி வரவில்லை. வருகிறேன் என்று காலையிலிருந்து மூன்று முறை போன் செய்திருந்தான்.

அக்கா ஆரம்பித்தாள். இந்தத் தடவை எதுவும் வழுக்கிக்கொண்டு போகவில்லை. வெங்காயம் ஆணியில் கோணலாக ஏறியது, கழற்றி மறுபடி குத்தினாள். கேரட் துண்டுகள் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. பாத்திர மூடி கீழே விழுந்து சுவரோரம் வரை உருண்டது. பயிற்சியாளர் அசையவில்லை. அக்கா அடுப்பைத் தணித்தாள், நடந்துபோனாள், குனிந்தாள், எடுத்தாள், கழுவினாள், மூடினாள். பிறகு நிமிர்ந்து மூச்சு விட்டாள்.

"மூச்சு வாங்குறது கணக்குல வருமாம்மா?"

"நான் நாற்காலி. எனக்குக் காது கிடையாது."

"நாற்காலி பதில் சொல்லுது பாரு."

ஒரு மணி பத்து நிமிஷத்தில் மேசையில் சூப்பும் ரொட்டியும் கிண்ணத்தில் நிமிர்ந்த முட்டையும் தேநீரும் இருந்தன. பயிற்சியாளர் மேசையையும் மேடையையும் பார்த்தாள். ஈரத்துண்டின்மேல் எல்லாம் கிடந்தது கிடந்தபடி. எண்ணினாள்.

"பத்துதான் இருக்கு. அங்க பதினொண்ணு தொங்குச்சே?"

"ரெண்டு போச்சு, ஒண்ணு வந்துச்சு."

"அறுபது நிமிஷத்துக்குள்ள முடிச்சா நல்லதுன்னு எங்க படிவத்துல இருக்கும்மா."

அக்காவின் முகம் இறுகியது. "எனக்கு யாரு காத்துக்கிட்டு இருக்கா? நான் ஒருத்திதானே சாப்பிடணும்? பத்து நிமிஷம் முன்கூட்டியே ஆரம்பிச்சுட்டுப் போறேன்."

பயிற்சியாளர் பேனாவை எடுத்தாள். படிவத்தில் அந்தக் கட்டத்துக்கு நேராக அக்கா சொன்னதையே எழுதினாள். எழுதிவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டாள். "வாரத்துக்கு ஒரு தடவை நான் வந்து பார்ப்பேன். தீ விஷயத்துல மட்டும் கவனமா இருங்க."

"அப்ப வாரத்துக்கு ஒரு தடவை சூப் குடிச்சுட்டுப் போ."

மகள் போனில் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள். பிறகு, "சரிம்மா, புதுப்பிக்கச் சொல்றேன்," என்றாள். பால்கனியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா தன் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், பதினொரு மணிக்குப் போன் அடித்தது. அவள் கையில் கத்தி, ஆணியில் பாதி வெங்காயம். போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மூன்றாவது தடவையும் அடித்தது. அக்கா மீதி வெங்காயத்தை நறுக்கினாள், கத்தியைத் துண்டின்மேல் வைத்தாள், கையைத் துடைத்தாள், பிறகு போனை எடுத்தாள்.

"என்னாச்சு? ஏன் எடுக்கல? நான் சட்டை போட்டுட்டேன், கிளம்பிட்டேன்," என்றான் தம்பி, மூச்சு முட்ட.

"கையில கத்தி இருந்துச்சு. ஒரு கைதானேடா, அதை வெச்சுட்டுத்தானே இதை எடுக்கணும்?"

"நான் பயந்துட்டேன்க்கா."

"பயப்படு. யார் வேண்டாம்னா? பதினோரு மணிக்குப் பயப்பட ஆரம்பி, பன்னெண்டு மணிக்கு நானே கூப்பிடுறேன்."

"இப்ப என்ன செய்யுற?"

"வெங்காயம் வதக்கப் போறேன்."

"மரக்கரண்டி எந்தப் பக்கம் வெச்சிருக்க?"

"அதை உங்கிட்ட சொல்ல மாட்டேன்," என்றாள் அக்கா. "சட்டையைக் கழட்டு. போனை வைக்கிறேன், அடுப்பைப் பத்த வைக்கணும், கை வேணும்."